சிகாமட் கிளையின் பக்கம்

சிகாமட்
நவம்பர் 5

அன்புள்ள பிரேமளாவுக்கு,

இங்கே சுகம். சுகர்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை.

போன வாரம் என் நூலகத்துக்குப் பயிற்சி நடத்த வந்தீர். மூன்று வருடமாகப் பிரிந்திருக்கும் மனைவி முன்னால் நின்று சொல்லித்தர, கிளைத் தலைவரான நான் ஊழியர்களோடு உட்கார்ந்து கேட்டேன். நம் தமிழ்ப் பிரிவு செல்வராணி உம்மையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றபடி குறையில்லை.

நீர் சொல்லித்தந்த விக்கி நல்ல ஏற்பாடுதான். எல்லாக் கிளைகளின் தமிழ்ப் பிரிவு ஊழியர்களும் கணினியில் ஒரே இடத்தில் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்கிறீர். ஆனால் ஆளுக்கொரு விதமாக எழுதினால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அதனால் இங்கே ஒரு முறை வைத்திருக்கிறேன். ஊழியர்கள் முதலில் தாளில் எழுதித் தருவார்கள். நான் திருத்தியதும் என் பெயரில் ஏற்றுவோம்.

இன்னொன்று. இங்கே துணை நூலகர் வேலை காலியாகிறது. ஜனவரி முடிவதற்குள் நீர் மாற்றல் கேட்டால் கிடைக்கும். வீடு அப்படியேதான் இருக்கிறது. வாரும்.

தயானந்தன்

—

ஜொகூர் பாரு
நவம்பர் 25

அன்புடையீர்,

வணக்கம். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். பயிற்சியன்று முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது.

யார் எப்போது எதை எழுதினார்கள் என்பதை விக்கி காட்டும். திறந்து பார்த்தேன். குளுவாங் கிளையில் பல பெயர்கள். சிகாமட்டில் உங்கள் பெயர் மட்டும். பெக்கான் நானாஸ் கிளையிலிருந்து வாசுகி, பிள்ளைகளின் கதை நேரத்துக்கு எந்தப் புத்தகம் எடுபடும் என்று கேட்டிருந்தார். உங்கள் கிளையின் பதில் கதை நேரம் முடிந்த பிறகு வந்தது, அதுவும் சுற்றறிக்கை மாதிரி.

அவரவர் பெயரில் அவரவர் எழுதட்டும். தப்பு இருந்தால் அடுத்தவர் திருத்துவார். பயிற்சியில் சொன்னதும் இதுதான்.

நான் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களைக்கூட நீங்கள் திருத்தி, மறுபடி எழுத வைத்தீர்கள். பதவி உயர்வுக்கு நான் எழுதிய விண்ணப்பத்தில் கடைசியில் என் வாக்கியம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் வீட்டை விட்டு வந்தது அதனால்தான், வேறு காரணம் தேட வேண்டாம். மாற்றலைப் பற்றி யோசிக்கிறேன். மாட்டேன் என்று சொல்லவில்லை.

பிரேமளா

—

சிகாமட்
டிசம்பர் 9

அன்புள்ள பிரேமளாவுக்கு,

செல்வராணி ‘புக்கு’, ‘தண்ணி’ என்றெல்லாம் எழுதுகிறவர். அதை அப்படியே ஊர் முழுக்கப் படிக்க வேண்டுமா? நான் வைத்த முறை இருக்கட்டும்.

யோசிக்கிறேன் என்றீர். எனக்கு அதுவே பெரிது. இங்கே மழை விடவில்லை, ஆறு கலங்கி ஓடுகிறது.

தயானந்தன்

—

சிகாமட்
ஜனவரி 14

அன்புள்ள பிரேமளாவுக்கு,

வெள்ளம் வடிந்துவிட்டது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை அக்கா மகளின் கல்யாணத்துக்கு ஈப்போ போயிருந்தேன். செல்வராணி மட்டும் வேலையில் இருந்தார். காலையிலேயே தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது. தமிழ்ப் பிரிவு கீழ்த்தளத்தில் இருப்பது உமக்குத் தெரியும். குளுவாங் கிளையின் காளிதாஸ், நம் புத்தகங்களை ஏற்றிப் போக லாரியோடு தயாராக இருந்து, சிகாமட்டிலிருந்து செய்தி வருகிறதா என்று விக்கியில் எங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

செல்வராணி செய்தியைத் தாளில் எழுதி, படம் பிடித்து, எனக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். மண்டபத்தில் நான் போனைப் பார்க்கவில்லை. சாப்பாடு முடிந்துதான் எடுத்தேன். அப்போதும், ‘தண்ணி ஏறுது’ என்று இருந்ததை ‘நீர்மட்டம் உயர்கிறது’ என்று திருத்திவிட்டுத்தான் போடச் சொன்னேன்.

லாரி கிளம்பியபோது, வழியில் லாபிஸ் சாலையை வெள்ளத்தால் மூடிவிட்டார்கள். சிறுவர் நூல்கள் முழுவதும் போய்விட்டன. ஏன் காளிதாஸைக் கூப்பிடவில்லை என்று செல்வராணியிடம் கேட்டேன். “சார் பாத்து சொல்லாம எப்படி வெளிய சொல்றது? அதான் வெயிட் பண்ணேன் லா” என்றார். தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது எல்லாரும் தங்கள் பெயரில் எழுதுகிறார்கள். எனக்குக் கை துறுதுறுக்கிறது, ஆனால் தொடுவதில்லை. மாற்றல் கேட்க இன்னும் நாள் இருக்கிறது. வருவீரா?

தயானந்தன்

—

ஜொகூர் பாரு
ஜனவரி 28

அன்புடையீர்,

வணக்கம். இரண்டு பெட்டி சிறுவர் நூல்கள் அனுப்புகிறேன். மற்றக் கிளைகளும் அனுப்பும்.

விக்கியில் உங்கள் கிளையின் பக்கத்தைப் பார்த்தேன். நனைந்த புத்தகங்களை எப்படி உலர்த்துவது என்று செல்வராணி எழுதியிருக்கிறார். நீங்கள் கை வைக்கவில்லை. ஓரிடத்தில் வாசுகி திருத்தியிருக்கிறார், செல்வராணி நன்றி சொல்லியிருக்கிறார். அடுத்த பயிற்சிக்குச் செல்வராணியை அனுப்பி வையுங்கள்.

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பிரிக்கப் பயமாக இருக்கும். எதில் என்ன தப்புக் கண்டுபிடித்தீர்களோ என்று இருக்கும். இந்த முறை அப்படி இல்லை. ஒரு கிளாஸ் தே கலக்கிக் குடித்துக்கொண்டே படித்தேன். நீங்கள் மாறிவிட்டதை நம்புகிறேன். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

பிறகு மாற்றல் விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயத்துக்குப் பின்னால் உங்கள் மேல் ஏதோ ஒட்டுதல் இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பயம் போனதும் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, கோபம்கூட இல்லை. அதனால் நான் மாற்றல் கேட்கவில்லை.

வேலை விஷயம் இருந்தால் விக்கிப் பக்கத்தில் எழுதுங்கள், பதில் எழுதுகிறேன். கடிதம் வேண்டாம்.

பிரேமளா