ஸ்விட்சுக்குள் இருக்கும் உன் ஏழு வரிகள்

மலையிறங்கிப் போய்த் திரும்பாத என் கண்ணு பொன்னிக்கு,

உன் அப்பன் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதுகிறார்.

உங்கம்மாவுக்கு நெஞ்சு சரியில்லை, சாமி. கீழே ஆஸ்பத்திரிக்கு வா என்றால், நீ போன பஸ் உருண்ட வளைவைத் தாண்டமாட்டேன் என்கிறாள். "பொணமாத்தான் என்னை அந்த வழியா இறக்கோணும்." அதனால் இங்கே மலை ஆஸ்பத்திரியிலேயே ஈசிஜி எடுத்துக் கம்ப்யூட்டர் வழியாகக் கீழே காளப்பநாயக்கன்பட்டி டாக்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஈசிஜி எடுக்கும் பழைய பெட்டி கெட்டுப் புதுசு வந்தது. அதன் படம் கீழே போகவில்லை.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரையும் பக்கத்துப் பிரௌசிங் ரூமையும் ஒரே இணைப்பில் கோக்க நீ வைத்த ஸ்விட்ச் பெட்டி விடமாட்டேன் என்கிறது. எந்தப் பெட்டி எதோடு பேசலாம் என்று அதற்குள் ஏழு வரியில் பட்டியல் எழுதினாயே, அதில் எண் இல்லாததற்கு வழி இல்லை. புதுப்பெட்டிக்கு அதனோடே வந்த எண், மாற்ற முடியாதாம். பட்டியலில் சேர்க்க உன் பாஸ்வேர்டு வேண்டும்.

கீழேயிருந்து பழுது பார்க்க வந்த சுந்தரம் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்டு என்னைக் குடைந்தெடுத்தான்.

"ஏனுங்கய்யா, பாப்பா ஒரு வார்த்தைகூடவா சொல்லாம இருந்திருக்கும்? சாமி பேரு போட்டாச்சு, உங்க பேரும் போட்டாச்சு."

"எங்க ஆட்டுக்கெல்லாம் பேரு இருக்குது, வேணுமா?" என்றேன் எரிச்சலில்.

பாவி, உட்கார்ந்து அத்தனை ஆட்டின் பேரையும் அடித்துப் பார்த்தான்.

"மொத்தமா அழிச்சுட்டுத்தான் எழுதோணுங்க. ஆனா பட்டியல் வேற எங்கயும் இல்லீங்களே. தப்பாத் திறந்துட்டா, பிரௌசிங் ரூம் வைரஸ் ஆஸ்பத்திரிக்குள்ள போயிரும். அப்புறம் கீழ இருக்கிறவங்க இணைப்பையே அறுத்துருவாங்க."

"பட்டியல் எங்கிட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டேன்.

நீ அதை எழுதிய அன்று உனக்குச் சோறு கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாய்விட்டுச் சொல்லித்தானே ஒவ்வொரு வரியையும் அடித்தாய்? எண்கள் எல்லாம் உன் குரலிலேயே இருக்கின்றன. ஐந்தாம் வரியும் ஆறாம் வரியும்தான் வதைத்தன. பிரௌசிங் ரூம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக்கூடாது என்பது ஒரு வரி. அந்த ரூம் எங்கும் போகலாம் என்பது இன்னொன்று. எது மேலே? மேலிருந்து படித்து, பொருந்தும் முதல் வரியோடு அது நின்றுவிடுமாம். நீ இரண்டு விதமாகச் சொன்னதும் என் காதில் கிடக்கிறது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை மிளகுக்கொடி கட்டும்போது, நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தது நினைவுக்கு வந்தது. "ஐயோ அப்பா, மாத்தி எழுதிப்போட்டேன்! எல்லாத்துக்கும் வழி விட்டுட்டு அப்புறம் மறிச்சா எப்படி மறியும்?" மறிப்பதுதான் மேலே. உன் தப்புதான் கண்ணு, எனக்குச் சரியைக் காட்டியது.

நாளைக்குச் சுந்தரம் அழிக்கப் போகிறான். இந்த மலையில் இன்னும் ஓடுகிற உன் எழுத்து அது ஒன்றுதான். அதற்கு நானே தலையாட்டிவிட்டேன். திட்டுவாயா?

உங்கம்மா என் கையைப் பிடித்து, "டாக்டரு படத்தைப் பாத்துட்டாருங்களா?" என்கிறாள். "பாத்துக்கிட்டே இருக்காரு" என்கிறேன். எத்தனை நாளைக்கு இப்படிச் சொல்ல முடியும்?

ஓர் எண்ணும் பிசகாமல் சொல்வேன். அப்படியும் படம் போகாவிட்டால், அந்த வளைவு குறுக்கிடாத செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் அவளை முதுகில் சுமந்து இறக்குவேன். வழியில் என் உசுரு போனாலும் போகட்டும். உங்கம்மாவை இப்போதைக்கு உன்னிடம் அனுப்பமாட்டேன், கண்ணு.

உன்னைப் பெற்றும் உனக்குப் பின்னும் உசுரோடு இருக்கிற
உன் அப்பன்