மேசைக்கு அடியில் உதரவிதானம்

பிப்ரவரி 10, திங்கள்

எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையில் ஐம்பத்தொரு வாரம் உற்பத்தி, ஒரு வாரம் பாதுகாப்பு. அந்த ஒரு வாரத்துக்கு நாடகம் எழுதுவது என் தலையில் விழுந்த வேலை. போன வருடம் தீயணைப்பு. நான் தீயாக நடித்தேன். அணைக்க வேண்டியவன் டீ குடிக்கப் போய்விட்டதால் பத்து நிமிடம் கூடுதலாக எரிந்தேன்.

இந்த வருடம் சுவாச மண்டலமாம். சேஃப்டி ஆபீசர் ப்ரீதா ஒரு படத்தைக் கையில் கொடுத்து, “கமலக்கண்ணன் அண்ணா, காமெடியா இருக்கணும், ஆனா மேனேஜர் சிரிக்கிற மாதிரி இருக்கணும்” என்றார். இரண்டும் ஒன்றல்ல என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

என் மனைவி சரஸ்வதியிடம் படத்தைக் காட்டினேன். வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டுதான். இதயம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொண்டதாம். “நம்ம கட்டில் மாதிரியே இருக்குது பாரு” என்றேன்.

“இதுல இதயம் யாருங்க?”

தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆள் பிடித்தாயிற்று. மூக்கு: டைம் ஆபீஸ் ஹரீஷ்குமார். அவனுக்குத் தெரியாமல் எதுவும் உள்ளே வராது. குரல்வளை மூடி: செக்யூரிட்டி ஆனந்தராஜ். சோறு வந்தால் மூச்சுக்குழாயை அடைக்க வேண்டும், காற்று வந்தால் திறக்க வேண்டும். ஒத்திகையில் காற்றிடம் கேட் பாஸ் கேட்டான்.

நுரையீரல்: ராயப்பன். வேறு யார்? இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்துக் கிரைண்டரில் இரும்பைத் தேய்க்கிறோம். மாதா கோயில் தேரில் முன் வடத்தைப் பிடிப்பவன். கதவு மாதிரி நெஞ்சு.

நான் உதரவிதானம். பெயரைச் சொல்வதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறது. ஆனால் விஷயம் இருக்கிறது. நுரையீரலுக்குச் சொந்தமாகத் தசை கிடையாதாம். கீழே இருந்து இந்த உதரவிதானம் இழுத்தால்தான் அது விரியும். வேலை பூராவும் இவனுடையது, பெயர் மட்டும் அவனுக்கு. எங்கள் செக்‌ஷன் கதைதான்.

பிப்ரவரி 20, வியாழன்

ஒத்திகை. ராயப்பன் பலூன் ஊதி நுரையீரல் விரிவதைக் காட்ட வேண்டும். ஊதினான். எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து நின்றது. “பலூன் சரியில்ல” என்றான். வேறு கொடுத்தேன். அதுவும் எலுமிச்சம்பழம். முதல் பலூனை நான் ஊதிப் பார்த்தேன், பூசணிக்காய் வந்தது.

திரும்பிப் பார்த்தால் முழங்காலில் கை ஊன்றிப் படியில் உட்கார்ந்திருக்கிறான்.

“எவ்ளோ நாளாடா?”

“போன மாங்கா சீசன்ல இருந்து. சளிதான். ஷிஃப்ட் முடிஞ்சு குடுக்கற வெல்லத்தை மூணு கட்டியா ஏத்திட்டேன், சரியாப் போயிரும்.”

“டாக்டரப் பாத்தியா?”

“பாத்தா? இப்படித்தான் இருமுனான்னு மாரிமுத்துவ ரெஸ்ட் எடுன்னு வீட்டுக்கு அனுப்புனாங்களே, இன்னும் எடுத்துட்டே கெடக்கறான். கமலு, யாருகிட்டயும் சொல்லாத.”

தொழிற்சாலைச் செய்தியெல்லாம் பரப்புகிற என்னிடம் போய்ச் சொல்லாதே என்கிறான். என்னிடம்!

பிப்ரவரி 21, வெள்ளி

சொல்லவில்லை.

பிப்ரவரி 22, சனி

சொல்லவில்லை. வயிறு உப்பிசமாக இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

ஷிஃப்ட் முடிந்தால் எங்கள் செக்‌ஷனில் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள். தூசியை அடித்துக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. இன்று நாடகத்தில் அதையும் சேர்ப்போம் என்று வெல்லத்தை நுரையீரலுக்கு அனுப்பினேன். ஆனந்தராஜ் லத்தியைக் குறுக்கே போட்டான்.

“வெல்லம் இந்தப் பக்கம் வராதுங்கண்ணா. வயித்துக்குத்தான். நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?”

நான்தான் எழுதிக் கொடுத்தேன். இருபது வருடம் வேறு வாசலில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நுரையீரலில் என்ன நடந்ததோ, எனக்குச் சர்க்கரை வந்ததுதான் மிச்சம். எல்லோரும் சிரித்தார்கள். ராயப்பன் கையில் இருந்த கட்டியைப் பார்த்தான். பிறகு வாயில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து படத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். மூச்சுக்குழாயின் கடைசியில் கோடிக்கணக்கில் சின்னச் சின்னக் காற்றுப் பைகள், வெங்காயத் தோலைவிட மெல்லிய சுவர். ரத்தம் காற்றை வாங்கிக்கொள்வது அங்கேதான். மூக்கு முடி, சளி எல்லாம் பெரிய தூசியைப் பிடித்துவிடும். நாங்கள் வார்ப்பில் தேய்த்தெடுக்கும் மணலின் தூசி ரொம்பப் பொடி, நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த இடம் தழும்பாகும். தழும்பு விரியாது.

ராயப்பனுக்கு எத்தனை கோடி மிச்சம்?

பிப்ரவரி 26, புதன்

சொல்லிவிட்டேன். ப்ரீதாவிடம். முகத்தை எவ்வளவு சீரியஸாக வைக்க முடியுமோ அவ்வளவு வைத்துக்கொண்டு சொன்னேன். அதுதான் தப்பு.

“அண்ணா, போன மாசம் கேன்டீன் மாஸ்டர் ஓடிப்போயிட்டாருன்னு இதே மூஞ்சியோடதான் சொன்னீங்க. அவரு உங்க பின்னாடி தோசை சுட்டுட்டு இருந்தாரு.”

“இது நெசம்மா.”

“ஐயோ, சூப்பர்ணா. இப்படியே மேடையில சொல்லுங்க!”

இத்தனை வருடம் சொன்ன பொய்யெல்லாம் விலை போனது. இது போகவில்லை.

மார்ச் 1, சனி

நாடகத்திலிருந்து விலகுகிறேன் என்றான் ராயப்பன். விலகினால் ஏன் என்று கேட்பார்கள், இருந்தால் பலூன். முழித்தான். பாவமாக இருந்தது. நானே வழி சொன்னேன்: பலூனிலிருந்து இரண்டு கிளையாகப் பிரியும் குழாய். ஒன்று அவன் வாயில், இன்னொன்று மேசைக்கு அடியில், காலால் மிதிக்கும் பம்பில். பம்பும் நானும் துணிக்குப் பின்னால்.

கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் நெஞ்சு உள்ளே கீச்கீச்சென்றது.

மார்ச் 4, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மூக்குக்குக் கைதட்டல், செக்யூரிட்டிக்கு விசில். நான் மேசைக்கு அடியில் மிதிக்கிறேன், மேலே பலூன் பெரிதாகிறது. மேனேஜர் மைக்கிலேயே சொன்னார்: “பாருங்கப்பா, ராயப்பன் மாதிரி லங்ஸ் இருக்கணும் எல்லாத்துக்கும்!” கூட்டம் தட்டுகிறது. அவன் கையை வேறு உயர்த்தி ஆட்டுகிறான் படுபாவி.

என் கால் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்ன, நிறுத்தினேன். எதுக்குடா மிதிக்கறேன்? யாரை ஏமாத்தறேன்?

மேசையை உதைத்தான். “மிதிடா” என்றான் பல்லுக்குள். நான் மிதிக்கவில்லை. அவனே ஊதினான். ஒரு தடவை. இரண்டு தடவை. அப்புறம் இருமல். இருமி இருமி மண்டி போட்டுவிட்டான். துணியை விலக்கிப் பார்த்தால் உதடு நீலம் பாரித்திருக்கிறது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. முந்நூறு பேர். நான் எழுதிய எதற்கும் இப்படிச் சிரித்ததில்லை. நான் வெளியே தவழ்ந்து வந்து “சிரிக்காதீங்கய்யா” என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான், முதலுதவி அறை நர்ஸ் ஆரோக்கியசெல்வி. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

மார்ச் 5, புதன்

முதல் பரிசு. ஹாட்பாக்ஸ். பிரிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

கிருஷ்ணகிரியில் ராயப்பனுக்கு ஸ்கேன் எடுத்து, ஊதவைத்துப் பார்த்தார்களாம். தழும்புதான். போனது போனதுதான் என்றாராம் டாக்டர். தூசியை இன்றோடு விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், இன்னும் ஒரு வருடம் கிரைண்டரில் நின்றிருந்தால் இந்தப் பேச்சே வேறு என்றாராம். இதெல்லாம் ஆரோக்கியசெல்வி சிஸ்டர் சொல்லித்தான் தெரியும். ராயப்பன் என்னோடு பேசுவதில்லை.

வீட்டுக்கு அனுப்பவில்லை. தூசி இல்லாத ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். சிஸ்டர் மேனேஜர் அறையில் அரை மணி நேரம் சத்தம் போட்டதாகச் செய்தி. என் செய்திதான், ஆனால் உண்மை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். வருடா வருடம் ராயப்பன் வீட்டிலிருந்து வரும் பிரியாணி வரவில்லை. சரஸ்வதி மதியம்வரை உலை வைக்காமல் இருந்தாள். அப்புறம் ஒன்றும் கேட்காமல் ரசம் வைத்தாள்.

மே 9, வெள்ளி

எங்கள் செக்‌ஷன் மொத்தத்துக்கும் ஊதும் டெஸ்ட். முதலுதவி அறைக்கு வெளியே பெஞ்சில் என் முறைக்குக் காத்திருந்தேன். கையை அக்குளில் செருகிக்கொண்டேன். ஏசி என்று வைத்துக்கொள்வோம். அந்த அறையில் ஏசி கிடையாது.

பக்கத்தில் யாரோ தொப்பென்று உட்கார்ந்தார்கள். ராயப்பன். ஸ்டோரிலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான்.

“ஏன்டா நாயே, முந்நூறு பேரு முன்னாடி... என்னை மண்டி போட வெச்சிட்டில்ல? தனியாக் கூப்ட்டு... ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருந்தா வந்திருக்க மாட்டனா?”

வந்திருக்க மாட்டான். அது அவனுக்கும் தெரியும்.

“இப்ப மூஞ்சியப் பாரு, ஆடு மாதிரி. உள்ள போய் ஒழுங்கா ஊது. அந்தம்மாகிட்ட கதை கிதை சொல்லிட்டு...”

மூச்சு வாங்க நிறுத்தினான். வழக்கமாக அந்த இடைவெளி போதும், நான் உள்ளே புகுந்து நாலு வார்த்தை சொல்லிவிடுவேன். நாக்கின் நுனியில் நல்ல பதிலும் இருந்தது. அவன் மூச்சை எடுத்து முடிக்கட்டும் என்று இருந்தேன். எடுத்தான். மறுபடி ஆரம்பித்தான், இந்தத் தடவை என் அப்பாவிலிருந்து.

உள்ளே என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவன் இன்னும் முடிக்கவில்லை. உட்கார்ந்திருந்தேன்.