கோடு கரைந்த மைதானம்

புது ஸ்டேடியத்தின் செயற்கைப் புல் வெயிலில் காய்ந்தால் டயர் வாடை அடிக்கிறது. உன் சைக்கிள் கடையில் அடிக்கும் அதே வாடை. நேற்று ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போன இடத்தில் உன் நினைப்பு வந்தது அதனால்தான். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பழைய கிரவுண்டை இப்போது எல்லோரும் சொர்க்கம் என்கிறார்கள். நீ கேட்டால் சிரிப்பாய். உப்பளத்தை ஒட்டிய பொட்டல் அது. உதடு வெடிக்கும், கண் எரியும், ஒரு வாய் தண்ணீருக்கு ரோட்டுக்கு வர வேண்டும். "ஒரு நாளாவது நெழல்ல உக்காந்து மேட்ச் பாக்கணும்டா" என்று நீதான் புலம்புவாய். இப்போது நிழலும் இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது. அதைத் திறப்பதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

பழைய கிரவுண்டில் சுண்ணாம்புக்குப் பதிலாக, மண் கலந்து விற்காமல் கிடக்கும் உப்பைத் தூவித்தான் எல்லைக்கோடு போடுவார்கள். தூறல் விழுந்தால் கோடு கரைந்துவிடும். அப்புறம் நாம்தான் கோடு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஓரத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்போம். பந்து நம் காலில் பட்டால் வெளியே போனதாக அர்த்தம். சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரும் அதற்குக் கட்டுப்பட்டது.

பெருமுக்கல்காரர்களோடு ஆடிய ஃபைனல் அன்றும் தூறல்தான். கடைசி நேரத்தில் நம் ஆள் ஒருவன் ஓரமாகவே பந்தை உருட்டிக்கொண்டு போய் கோல் அடித்தான். ஊரே குதித்தது. நீ மட்டும் கையைத் தூக்கினாய்.

"சார், பந்து என் கால்ல பட்டுச்சுங்க."

கோல் செல்லாது என்றார் ரெஃப்ரி. அடுத்து அவர்கள் ஒன்று போட்டு, கோப்பையோடு வண்டி ஏறினார்கள்.

"யாருமே பாக்கலையேடா! வாய மூடிக்கினு இருந்தா என்னா?" என்று வழியெல்லாம் கத்தினேன்.

நீ சைக்கிளை உருட்டிக்கொண்டே, "அப்புறம் எதுக்குடா நம்மள அங்க நிக்க வச்சாங்க?" என்றாய்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வேறு கடையில் போய் பஞ்சர் ஒட்டினேன். அந்த ஒட்டும் நிற்கவில்லை.

நேற்று முதல் வரிசையில் இடம் கிடைத்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பளிச்சென்று பெயிண்ட் கோடு. மழை வந்தாலும் கரையாது. நம் அணிக்காரன் ஓட்டி வந்த பந்து, என் கண்ணெதிரே அந்தக் கோட்டை முழுசாகத் தாண்டிப் போய்த் திரும்பியது. கோட்டோரம் கொடி பிடித்து ஓடியவர் பின்னால் தங்கிவிட்டார், அதைப் பார்க்கவில்லை. அதே ஓட்டத்தில் கோல்.

நான் எழுந்து கையைத் தூக்கினேன். ரெஃப்ரி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இந்த ஸ்டேடியத்தில் பார்க்க வந்தவனிடம் டிக்கெட்டைத் தவிர யாரும் எதையும் கேட்பதில்லை.

"ஏம்பா, நம்ம கோலுதானே! கைய எறக்கு, மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

பக்கத்தில் நீ இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்கு மறைக்கக் கூடாது என்று உட்கார்ந்துகொண்டேன். கையை இறக்கவில்லை.