கல்லறைக்கு ஒரு குழாய்

என் ஆசை அப்பாவுக்கு,

காரைக்கால்ல மழை விடல. பிரவுசிங் சென்டர்ல கரண்ட் இல்ல, அதான் கையால எழுதுறேன். நீங்க இருந்திருந்தா ஜன்னலோரம் உக்காந்து நவம்பர் மாசத்தைத் திட்டிக்கிட்டிருப்பீங்க. அந்த வேலையை இப்ப நான் பாக்குறேன்.

உங்க மக பாரிஸ்ல பழைய ரோமானியரோட சாமிகளைப் பத்திப் படிக்கிறதா தெருவுக்கே சொல்லி வச்சிட்டுப் போயிட்டீங்க. யாருக்கு அது புரிஞ்சுது? ரோம்னா இங்க போப்பாண்டவர்தான். போன வாரம் மாதா கோயில் வாசல்ல ஒரு அத்தை, "கன்னியாஸ்திரி உடுப்பு எப்பம்மா குடுப்பாங்க?"ன்னு கேட்டாங்க. நான் படிக்கிற சாமிங்களுக்குக் கல்யாணமும் உண்டு, கள்ளக் காதலும் உண்டுன்னு அந்த இடத்துல எப்படிச் சொல்றது? சிரிச்சுட்டு வந்துட்டேன்.

அம்மா விஷயத்துக்கு வரேன். கடைசி வாரம் நீங்க ஒரு வாய் ஒயின் கேட்டீங்க. டாக்டர் கூடாதுன்னதால அம்மா, "உடம்பு தேறட்டும், தரேன்"னாங்க. நீங்க தேறல. உங்களுக்குன்னு நான் கொண்டுவந்த பாட்டில் பீரோவுல பட்டுப்புடவைக்குப் பின்னாடியே இருந்துச்சு. கொட்டவும் மனசில்ல, யாருக்கும் குடுக்கவும் மனசில்ல. ஒரு வருஷமா உங்க கல்லறைப் பக்கமே போகல. "எந்த முகத்தோட போய் நிக்கிறது?" இதே பேச்சுதான்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் சாப்பிடும்போது, அவங்க மனசு மாறுமான்னு, படிச்சதைச் சொன்னேன். அந்தக் காலத்து ரோம்ல சில கல்லறைங்கள்ல குழாய் இறக்கியிருப்பாங்க, சொந்தக்காரங்க அது வழியா செத்தவங்களுக்கு ஒயின் ஊத்துவாங்கன்னு. அம்மா தட்டை எடுத்துக்கிட்டு எழுந்துட்டாங்க. உங்க தம்பிதான், மீன் முள்ளைக் கையில பிடிச்சபடி, "ரோம்லயே செய்றாங்களா?"ன்னார்.

"அது ரோம் ஏசுவைக் கும்பிட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பழைய சாமிங்க காலம், சித்தப்பா."

"ரோம் ரோம்தான்."

மறுநாள் குடைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயோட வந்து நின்னார் மனுசன். மாடி டேங்குக்கு வாங்கினதுல மிச்சமாம். அதைவிட ஆச்சரியம், அம்மாவும் புடவை மாத்திக்கிட்டு, கையில பையோட நின்னாங்க. பைக்குள்ள என்னன்னு நான் கேக்கல.

உங்களுக்கு இன்னும் சிமெண்ட் பூசல. ஈர மண்ணுல குழாய் சுலபமா இறங்குச்சு. கல்லறை மந்திரிக்க வந்த ஃபாதர் பாத்துட்டு, "என்ன இது?"ன்னார்.

சித்தப்பா அசரல. "பூச்செடிக்குத் தண்ணி விட, ஃபாதர்."

கொட்டுற மழையில, ஒரு செடிகூட இல்லாத இடத்துல. ஃபாதர் எங்க மூஞ்சிங்களைப் பாத்தார். குழாய்க்கும் சேத்துத் தீர்த்தம் தெளிச்சுட்டுப் போயிட்டார்.

அம்மா பாட்டிலை எடுத்தாங்க. தக்கையை வீட்டுலயே எடுத்திருக்காங்க. உங்க இருமல் மருந்து மூடியில அளந்து ஊத்திட்டு, குனிஞ்சு, "போதுமாங்க?"ன்னு கேட்டாங்க. நீங்க என்னைக்குப் போதும்னீங்க? மூடியைப் பையில போட்டாங்க. அப்புறம் பாட்டிலையே கவுத்துட்டாங்க.

"அண்ணி, அண்ணி"ன்னு சித்தப்பா பதறினார்.

"மிச்சம் வச்சா உங்க தம்பி குடிச்சிருவாரு." இதை உங்ககிட்டதான் சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சு உங்ககிட்ட பேசினது அந்த ரெண்டு பேச்சுதான். கேட்டுச்சாப்பா? அப்புறம் அழுதாங்க, நானும் அழுதேன். சித்தப்பா எதுக்கு அழுதார்னுதான் தெரியல.

ஃபாதர்கிட்ட சொன்ன பொய்யை நாளைக்கே உண்மையாக்கிடுறேன். குழாய் பக்கத்துல ரோஜாச் செடி வைக்கிறேன், இது சத்தியம். நான் பாரிஸ் போனப்புறம் தினமும் வந்து ஊத்துறேன்னு அம்மா சொல்லிட்டாங்க. வெறும் தண்ணிதான், ஆசைப்படாதீங்க.

உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போயே வளந்த
உங்க மூத்த மக,
செலின்