மன்னர் எழுதிக் கொடுத்த தாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதைத் தபாலில் போடப் பயம். உன் ஊருக்கு வரும் சின்ன அத்தையிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

அப்பா இன்னும் அரசு மருத்துவமனையில்தான் இருக்கிறார். இதயம் மிகவும் பலவீனம், பார்க்க வேண்டியவர்கள் நாளைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறார் டாக்டர். சாப்பாட்டில் உப்பில்லை என்று அம்மாவுடன் சண்டை போடும் தெம்பு மட்டும் குறையவில்லை.

போன வாரம் மன்னர் வார்டுக்கு வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், கசங்கிய சட்டையோடு, கூட ஒரே ஒரு செயலாளர். கட்டில் கட்டிலாக நின்று விசாரித்தார். அப்பாவின் தலையணை சரிந்திருந்தது. பேசிக்கொண்டே நிமிர்த்தி வைத்தார். அரசர்களைப் பற்றி நீயும் நானும் எத்தனை புத்தகம் படித்து வாதாடியிருப்போம்! அந்தக் கைகளைப் பார்த்தபோது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

“இப்படிப் புழுங்குதே” என்றார். சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்க மின்விசிறிகள். அப்பா நன்றாகத் தூங்கினார். மறுநாள் பள்ளிக்கூடம் போனால், என் வகுப்பின் கூரையில் வெறும் கம்பி தொங்குகிறது. “மேலிடத்து உத்தரவு டீச்சர், வாயைத் திறக்காதீங்க” என்றார் தலைமையாசிரியை. மன்னருக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்தால் அதையும் சரிசெய்வார். யார் போய்ச் சொல்வது?

நான் எழுத வந்தது வேறு. அன்று கிளம்பும் முன், “வேற என்ன வேணும் பெரியவரே?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா பட்டென்று உன்னைச் சொல்லிவிட்டார். ஆட்சியைக் கேள்வி கேட்டு நீ எழுதியது, பிடிவாரண்டு வந்தது, இரவோடிரவாக நாட்டை விட்டுப் போனது, ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா என் கையைக் கிள்ளினாள். மன்னர் யோசிக்கவேயில்லை. “வரச் சொல்லுங்க. மன்னிச்சாச்சு” என்றார்.

நான், கிறுக்கி, “எழுதித் தருவீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

“மன்னர் சொன்னா அதுதாம்மா சட்டம். உனக்குத் தாள் வேற வேணுமா?” என்று சீறினார் செயலாளர். மன்னர் அவரைக் கையமர்த்திவிட்டுச் சிரித்தார். “அண்ணனுக்கேத்த தங்கச்சிதான். தாராளமா எழுதித் தரேன். ஆனா எழுதற கையும் இதுதான், கிழிக்கிற கையும் இதுதான். அந்தத் தாளை வச்சு என்னம்மா பண்ணப்போறே?”

மிரட்டலாக இல்லை, அண்ணா. வருத்தமாகத்தான் சொன்னார். நீ பக்கம் பக்கமாக எழுதியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இவ்வளவு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. இவ்வளவு பயந்ததும் இல்லை.

கையெழுத்திட்ட தாள் அத்தையிடம் இருக்கிறது. “மன்னிக்கும்படி நான் என்ன தப்பு செய்தேன்?” என்று கேட்பாய். கேள். ஆனால் வந்து, அப்பாவின் கட்டிலருகே நின்று கேள்.

மன்னருக்கும் வயதாகிவிட்டது. படி இறங்கும்போது செயலாளரின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் நூறு வருஷம் இருக்க வேண்டும், இதே மனசோடு இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அவருக்காக இல்லை, அண்ணா. அந்தத் தாளுக்காக.

வழி பார்த்திருக்கும்
உன் தங்கை