அம்மா உன் பேரைச் சொன்ன நாள்

உக்கடத்தில் உடுமலைப்பேட்டை பஸ் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்கார அம்மா பையைத் துழாவி, ஒரு சின்னச் சீசாவை எடுத்து முழங்காலில் நீலகிரித் தைலம் தேய்க்க ஆரம்பித்தார். பஸ் முழுக்க வாசம். எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே கிளம்பி வந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. செத்துப்போன சிநேகிதி மேல் இன்னும் பொறாமைப்படுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் சோமனூரில் ஒரே விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தோம். ஒரே சபை, ஞாயிற்றுக்கிழமை ஒரே பாய். தறி ஓடும் இரைச்சலில் எதுவும் காதில் விழாது என்பதால் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்ளப் பழகியிருந்தோம். ஜெபத்தில்தான் நமக்குள் வித்தியாசம். நான் மனப்பாடமான வார்த்தைகளை வரிசையாகச் சொல்வேன். நீயோ பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போல, "ஏனுங்க ஆண்டவரே, கேக்குதுங்களா?" என்று ஆரம்பிப்பாய். பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். ஆனால் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் உன்னைத்தான் தேடி வருவார்கள். ஜெபிக்கச் சொல்லி என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

அப்போதுதான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். வீட்டில் நானும் அம்மாவும்தான். உடம்பு துடைப்பது, சேலை மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நான். நீ சாயங்காலம் நீலகிரித் தைலச் சீசாவோடு வருவாய். நான் போட்டுக் கொடுக்கும் காபியைக் குடிப்பாய். அசையாத அந்தக் கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே பாடுவாய். ஒவ்வொரு அடியிலும் கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டுவிட்டு அம்மாவின் வாயையே பார்த்திருப்பாய். கஞ்சி ஊட்டுகிறவளுக்குக் கரண்டியைப் பார்க்கத்தான் நேரமிருக்கும். வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவளால்தான் முகத்தைப் பார்க்க முடியும். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் நீ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். அம்மாவின் வாய் கோணிக்கோணி அசைந்தது. பிறகு சத்தம் வந்தது. உன் பேர். பல மாதம் கழித்து அவள் சொன்ன முதல் சொல். என் பேர் இல்லை, ஆண்டவர் பேர்கூட இல்லை. அந்தப் பேரை இங்கே எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. நீ ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் உன்னைக் காட்டி, சகோதரியின் ஜெபத்தால் கிடைத்த சுகம் என்று சொன்னார். சாட்சி சொல்ல என்னை எழுப்பினார்கள். "ஸ்தோத்திரம்" என்று ஒரே சொல்லோடு உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் தேயக் கேட்டவள் நான். பதில் உனக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் தறிக்கூடத்தில் உன் எதிரே வந்து நின்றேன். "இனி எங்கூட்டுக்கு வராத." உதட்டால் மட்டும்தான் சொன்னேன். அந்த இரைச்சலில் வேறு யாருக்கும் தெரியாது. நீ கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாய். "செரி" என்று உன் உதடும் அசைந்தது. அறுந்திருந்த இழையை முடிந்துவிட்டு உன் தறிக்குத் திரும்பினாய்.

நீ வரவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. நானும் பாடிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் உன் வீட்டுக்கு வந்தேன். நீ அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய்.

"அம்மா கஞ்சி குடிக்க மாட்டீங்குது. வா."

"அம்மா கூப்புடுதா, நீ கூப்புடறயா?"

"எனக்கு நீ வாரது புடிக்கல. ஆனா வா."

நீ சிரித்துவிட்டாய். "அதையாச்சும் நெசமாச் சொன்னயே. இரு புள்ள, சேலய மாத்திக்கிட்டு வாரேன்."

அன்றைக்கு அம்மாவின் ஒரு கையை நீ எடுத்துக்கொண்டு மறு கையை என்னிடம் கொடுத்தாய். "ஏனுங்க ஆண்டவரே, இவளுக்கு எம்மேல பொறாமைங்க. எனக்கும் இவ மேல ரொம்ப நாளாப் பொறாமைதானுங்க, உங்களுக்கே தெரியும். ரெண்டு பேர்த்தயும் நீங்கதான் பாத்துக்கோணும்." நான் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தேன். உன் கண் மூடியே இருந்தது. அம்மாவின் கோணல் வாயில் சிரிப்பு.

"உனக்கு எம்மேல என்ன பொறாமை?" என்று வாசலில் மடக்கினேன்.

"அது எனக்கும் அவருக்கும். உனக்கெதுக்கு அம்மணி?"

அப்புறம் எத்தனையோ தடவை கேட்டேன். நீ சொல்லவே இல்லை. என் அம்மாவா, என் சுருட்டை முடியா, என் மூக்குமேல் கோபமா? எதைப் பார்த்து நீ ஏங்கினாய் என்று தெரிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அம்மா மெல்ல மெல்லப் பேசினாள். தடியூன்றிச் சபைக்கு வந்தாள். என் பேரையும் சொன்னாள், பெரும்பாலும் திட்டுவதற்கு. கை மட்டும் கடைசிவரை எழவில்லை. வந்த பேச்சுக்காக நீ நன்றி சொன்னாய். வராத கைக்காக நான் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். இரண்டையும் அவர் கேட்டிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

உன் அடக்கத்தன்று, திருப்பூரிலிருந்து வந்த யாரோ ஒரு பெண் என்னை முந்திக்கொண்டு பெட்டியைப் பிடித்து அழுதாள். "எனக்குன்னு இருந்தது இந்தக்கா ஒருத்திதானுங்க." நான் முன்பின் பார்த்திராதவள். அவளைப் பிடித்து இழுத்துவிட்டு அங்கே நான் நிற்க வேண்டும் போலிருந்தது. உனக்கு எத்தனை பேர்தான் இருந்தார்கள்?

இப்போது எதிர்வீட்டுப் பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். சாயங்காலம் போய் உட்கார்கிறேன். எனக்கு உன்னைப்போல ஜெபிக்க வராது, பாடவும் வராது. முகத்தைப் பார்த்தபடி அவர் பேசுவதைக் கேட்கிறேன், அவ்வளவுதான். போன வாரம் என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. நாளெல்லாம் அவரைத் தூக்கிக் கிடத்துகிற மருமகள் அடுப்படியிலிருந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள். சர்க்கரையே இல்லை. முழுவதும் குடித்தேன்.

"நல்லா இருந்துதுங்களா?" என்றாள்.

"நல்லா இருந்துது கண்ணு."

அத்தனை சாயங்காலமும் நான் உனக்குப் போட்டுக் கொடுத்த காபி எப்படி இருந்ததென்று நீ ஒருநாளும் சொன்னதில்லை.