தொழுவத்துக்கு வந்த மாற்றாள்

9 நவம்பர் 2020

மதிப்புக்குரிய மாற்றாள் அவர்களுக்கு,

உங்களைக் கூப்பிட ஏழு வருடமாக ஒரு பேர் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது கிடைத்துவிட்டது.

எனக்குக் கொரோனா, மாடு கறக்க ஆள் அனுப்புங்கள் என்று மாற்றாள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "எல்லாரும் சீக்கு, இல்லேன்னா தனிமையில இருக்காங்கம்மா. மிச்சம் ஒரே ஆளு, ரைமோ" என்றாள் அங்கிருக்கும் பெண். "அந்த ஆளத் தவிர வேற யாருமே இல்லையா?" என்று கேட்டேன். "மத்தவங்க குணமாகுற வரைக்கும் உங்க மாடு காத்துக்கிட்டிருக்குமாம்மா?" என்று மடக்கிவிட்டாள்.

மாடு வேண்டாம் என்று பெண்டாட்டியை விட்டுப் போன மனுஷன், ஊரிலுள்ள அத்தனை தொழுவத்திலும் சம்பளத்துக்குக் கறந்துகொண்டு திரிகிறாய். வெட்கமாக இல்லை?

வீட்டுக்குள் காலெடுத்து வைக்காதே. வெளியே இருக்கும் சவுனாக் குளியல் குடிலில் படுத்துக்கொள். போன் செய்யாதே. திட்ட ஆரம்பித்தால் பாதியிலேயே இருமல் வந்துவிடுகிறது, மனசு ஆறமாட்டேன் என்கிறது. சொல்ல ஏதாவது இருந்தால் எழுதி, வாசல்படியில் இருக்கும் வாளியில் போடு.

எந்த மாட்டுக்கு என்ன என்று உனக்குப் பாடம் எடுக்கப்போவதில்லை. காலில் நிறப் பட்டை கட்டியிருக்கிறது. உனக்குக் கண் இருக்கிறது.

ஐலா
(இந்தப் பண்ணையின் சொந்தக்காரி)

10 நவம்பர்

அன்புள்ள ஐலா,

'அன்புள்ள' என்பது கடித மரியாதை. வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

மாடுகள் சௌக்கியம். "இன்னுமாடி உசுரோட இருக்க, கிழவி?" என்று ரூசுவிடம் கேட்டேன். தொடையில் ஒரு உதை விட்டாள். உன் வளர்ப்பு, வேறெப்படி இருக்கும்?

நீ என்னை விரட்டினாலும் நான் போகமுடியாது. ஒரு பண்ணைக்குள் வந்தால் அங்கே வேலை முடியும்வரை வேறு பண்ணைக்குப் போகக்கூடாது என்று அலுவலகத்தின் உத்தரவு. சால்மன் சூப் வைத்திருக்கிறேன், சூடாகக் குடி. திரைக்குப் பின்னால் நின்று என்னை வேவு பார்ப்பதை விட்டுவிட்டுப் போய்ப் படு. இந்தக் குடிலில் ஒரு சிட்டிகை காபித்தூள்கூட இல்லை.

சம்பளத்துக்குக் கறப்பதில் எனக்கென்ன வெட்கம்? நான் கறக்கும் வீட்டுக்காரர்கள் சட்டப்படி வரும் விடுப்பை எடுத்துக்கொண்டு நாலு ஊர் போய்வருகிறார்கள். திரும்பி வந்ததும் கையைப் பிடித்து நன்றி சொல்கிறார்கள். மாடு வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. என்ன சொன்னேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும்.

ரைமோ

12 நவம்பர்

ரைமோ,

அடப் பாவி! ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். தொட்டிப் பால் அத்தனையும் முற்றத்தில் ஓடிச் சாணிக்குழியில் விழுகிறது. பால் லாரிக்காரன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறான். என் வயிறு பற்றி எரிகிறது.

ஓமேனாவுக்கு மடிநோய். ஊசி போட்டிருக்கிறது. மருந்து ஏறிய பாலைத் தொட்டியில் விட்டால் மொத்தமும் பாழ் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீலப் பட்டை கட்டியிருந்தேனே, அதைப் பார்க்காமல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?

இதற்குத்தான் அந்நியன் கை என் தொழுவத்தில் படக்கூடாது என்று இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். எனக்கு ஆளும் வேண்டாம், பேரும் வேண்டாம். நானே தவழ்ந்து போய்க் கறந்துகொள்கிறேன்.

உன் சூப்பில் உப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஐலா

12 நவம்பர், சாயங்காலம்

ஐலா,

தவழ்ந்து வா. வந்து லாரிக்காரனுக்கும் கொரோனாவைக் கொடு.

சூப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. செத்துப்போனது உன் நாக்கு.

இப்போது நான் சொல்வதைக் கேள். லாரி வந்து நின்றபோதுதான் பால் அறை அலமாரியில் ஊசிமருந்துக் குப்பியைப் பார்த்தேன். ஓடிப்போய், குழாயை மாட்டாதே என்று கத்தினேன். "நல்லவேளண்ணே, இது லாரியில ஏறியிருந்தா ஊர்ப் பால் பூரா கெட்டிருக்கும்" என்றான் லாரிக்காரன். கொட்டச் சொன்னதும் நான்தான். என் கையாலேயே திறந்துவிட்டேன். எனக்கு மட்டும் வயிறு எரியாதா?

நீலம் எப்போதிலிருந்து மருந்துப் பட்டை ஆயிற்று? இந்தத் தொழுவத்தில் சிவப்புதான் மருந்து. நீலம் என்றால் சினை பிடித்த மாடு, அதன் பாலைத் தொட்டியில் விடலாம். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் நீயும் நானும் உட்கார்ந்து பேசிவைத்தது. எப்போது மாற்றினாய்? வந்த அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்?

அந்நியன் கையாம். ஏழு வருடத்துக்கு முன்னால் என் அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் கோத்தன்பர்கில் இறந்துகிடந்தாள். நாலே நாள், என்கூட வா என்று கெஞ்சினேன். மாற்றாளுக்கும் நானே ஏற்பாடு பண்ணினேன். அந்த ஆளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாய். கப்பலில் தனியாகப் போனேன். சவப்பெட்டியைத் தூக்க ஒரு தோள் குறைந்தது. அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரன், பேர்கூடத் தெரியாது, வந்து தோள் கொடுத்தான். மாடு வேண்டாம் என்றா நான் போனேன்? இந்த வீட்டில் மாட்டுக்கு இருந்த இடம் எனக்கு இல்லை, அதனால் போனேன்.

இப்போது திட்டு. நன்றாகத் திட்டு.

ரைமோ

15 நவம்பர்

ஐலா,

வாளியில் உன் கடிதம் இல்லை. சூப் வைத்தது வைத்தபடி ஆறிக்கிடக்கிறது. நேற்றிலிருந்து திரை திறக்கவில்லை. நான் எழுதியதற்குக் கோபம் என்றால் தாராளமாகக் கோபப்படு. ஆனால் எழுந்து வந்து திரையைத் திற. காலையில் கறந்து முடிப்பதற்குள் திறக்கவில்லையென்றால் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருவேன். அலுவலகம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

ரைமோ

16 நவம்பர்

திரையைத் திறந்துவிட்டேன். பார்த்துக்கொள். கதவை உடைத்தால் நீதான் செய்து தரவேண்டும்.

காய்ச்சல் தூக்கிப்போட்டுவிட்டது. இன்று இறங்கியிருக்கிறது. டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன், பயம் இல்லை என்றார்.

சிவப்புப் பட்டையெல்லாம் நீ வாங்கிவந்தவை. நீ வீட்டை விட்டுப் போன அந்த வாரமே அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். கைவசம் மிச்சம் இருந்தது நீலம்தான். போதுமா?

காபித்தூள் வாளியில் இருக்கிறது.

ஐலா

24 நவம்பர்

ரைமோ,

உன் வேலை முடிந்தது என்று சொல்லாமல் கொள்ளாமல் நேற்றே கிளம்பிவிட்டாய். அதனால் இதைத் தபாலில் போடுகிறேன்.

இன்று காலை தொழுவத்துக்குப் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். ஒன்றும் அகப்படவில்லை, அது இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. ஓமேனாவின் மடி குணமாகிவிட்டது. ரூசு என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, நான் வந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போயிட்டான்டி அவன்" என்றேன். நன்றி கெட்ட ஜென்மம். இத்தனை வருடம் தீனி போட்டவள் நான்.

பிறகு அலுவலகத்துக்குப் போன் போட்டு, மே மாதம் நாலு நாள் விடுப்பு வேண்டும் என்று கேட்டேன். "நீங்களாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள் அந்தப் பெண். "ரைமோவையே அனுப்பட்டுமாம்மா? மாடுங்களுக்கும் பழகியிருக்குமே" என்றாள்.

"அவன் மட்டும் வேணாம்" என்றேன். "வேற யார வேணா அனுப்புங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளா இருந்தாலும் பரவால்ல."

பல்லைக் கடிக்காதே, மிச்சத்தையும் படி. நீ இங்கே கறந்துகொண்டிருந்தால் என்னைக் கோத்தன்பர்குக்கு யார் கூட்டிப்போவது? உன் அம்மாவின் கல்லறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மே மாதத்துக்குள் இந்தச் சனியன் பிடித்த சீக்கு ஒழிந்து கப்பல் விட்டால் போவோம். விடாவிட்டால் விட்டதும் போவோம்.

மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இந்தக் கடிதத்தில் இல்லை. தேடாதே.

வரும்போது சிவப்புப் பட்டை வாங்கி வா. புதிதாக வருகிற ஆள் குழம்பக்கூடாது.

ஐலா